ஆத்தும சோதனைக்கு ஒரு செக்கர்

சட்டைக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகச் செக்கராக இருப்பவருக்குத் தையல்காரர்கள் வைத்த பெயர் ‘ரிஜெக்ட்டு’. காதுபடவே கூப்பிடுவார்கள். அவரும் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். காலர் முனை ஒரு நூலளவு இறங்கியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. சட்டையை விளக்கடியில் விரிப்பார்; காலர், தோள், கை, பை, பட்டன் என்று வரிசை பிசகாமல் தடவுவார்; குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை நறுக்கென்று ஒட்டுவார். கல்யாணத்துக்குப் போனால்கூட மாப்பிள்ளையின் முகத்தை அவர் பார்த்ததில்லை, சட்டையின் பட்டன் காஜாவைத்தான் பார்த்திருக்கிறார்.

இப்பேர்ப்பட்டவர் மாதா கோவிலில் நடந்த மூன்று நாள் தியானத்துக்குப் போனதுதான் வினை. கடைசி நாள் பிரசங்கத்தில் சாமியார், “மடத்துல இருக்கிற துறவிக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. வீட்ல இருக்கிற நமக்கும் ஒண்ணு வேணாமா? செபம், வேலை, ஓய்வு, உறவு, எல்லாத்துக்கும் சின்னதா ஒரு வாழ்க்கை ஒழுங்கு எழுதி வச்சுக்குங்க” என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டுச் செருப்பைத் தேடப் போனார்கள். நம்மவர் வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.

விதிகள் பதினேழு வந்தன. காலை ஐந்தரைக்கு எழுந்து முழங்காலில் செபம். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு நிமிட மௌனம். ஒன்பதாவது விதிப்படி கோபம் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் ஒறுத்தல் முயற்சியாகச் சர்க்கரை இல்லாத காப்பி. காப்பி ஒரே பாத்திரத்தில் தயாராவதால், கேட்காமலே மனைவிக்கும் அந்தப் புண்ணியத்தில் பாதி கிடைத்தது.

தாளை எடுத்துக்கொண்டு பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனார்.

“பதினேழாப்பா? மூணு போதுமே.”

“மூணு பாயின்ட்ல கைக்குட்டையைக்கூடப் பாஸ் பண்ண முடியாது சாமி.”

“இது சட்டை இல்லப்பா.”

“தெரியும் சாமி. அதனாலதான் பதினேழோட நிறுத்தினேன்.”

சாமியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சரி, மத்ததை விடு. தினம் சாயங்காலம், அன்னிக்குச் செஞ்ச தப்பை நினைச்சுப் பார்க்கிற ஆத்தும சோதனை மட்டும் ஒழுங்காப் பண்ணு.”

அது ஏற்கெனவே பதினேழாவது விதிதான். ஆனால் சிக்கல் அங்கேதான் இருந்தது. தைத்தவன் தன் பீஸைத் தானே செக் பண்ணக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். தன் கோணல் தன் கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். அப்படியிருக்க, ஆத்துமாவை மட்டும் அவனவனே தைத்து அவனவனே சோதிப்பதா? இவ்வளவு பெரிய ஓட்டையைத் திருச்சபை இத்தனை காலம் கவனிக்கவில்லையே என்று அவருக்குத் திருச்சபைமேல் இரக்கமே வந்துவிட்டது. தன் பங்குக்கு அந்த ஓட்டையை அடைக்க, மனைவியைச் செக்கராக நியமித்தார்.

“இந்தா நோட்டு. தினமும் என் குறையை இதுல எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

“எதுக்குங்க? குறை சொன்னா உங்களுக்கு ஆகாதே.”

“ஆகாதுன்னு யாருடி சொன்னா?”

“இதோ, இதான்.”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அவளும் வம்பு எதற்கென்று தேதி போட்டு ‘குறையில்லை’ என்று எழுதி வைத்தாள். மறுநாளும் அதுவே. பன்னிரண்டு நாள் ஓடியது. நம்மவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கம்பெனியில் காலர் தைக்கும் பெண்ணிடம் சொல்லியே விட்டார்.

“பன்னண்டு நாளா என்கிட்ட ஒரு குறைகூட இல்லம்மா.”

“யாருண்ணே செக்கிங்?”

“உங்க அண்ணிதான்.”

“அப்ப அண்ணி கண்ணை முதல்ல செக் பண்ணுங்க” என்றாள் அவள். டேபிள் முழுக்கச் சிரித்தது.

அது சுருக்கென்று தைத்தது. ரிஜெக்ட்டே எடுக்காத செக்கரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததா? அன்று சாயங்காலம் வந்ததும் வராததுமாக நோட்டை மனைவிமுன் போட்டார்.

“நீ பார்க்காமலே பாஸ் போடுற. கம்பெனியா இருந்தா சீட்டைக் கிழிச்சிருப்பாங்க. என் ஆத்துமா உன் கையில இருக்கு. உண்மையை எழுது.”

“உண்மையையா?”

“உண்மையைத்தான்.”

“கோவப்படக் கூடாது.”

“கோவம் ஒன்பதாவதுலயே தடை.”

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் எழுதினாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது, செய்தி கேட்கும்போது குறுக்கே பேசுவது, இப்படிப் பிரித்துத் தைத்தால் சரியாகிற நாலைந்து சில்லறை ஆல்டர் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். வந்தது ஒன்றுதான்.

‘எங்கம்மா ஆஸ்பத்திரியில் என் பேரைச் சொல்லிக்கொண்டே கிடந்தார்கள். தனியாகப் போகாதே, ஷிப்மென்ட் முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறேன் என்றீர்கள். வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பதினோரு வருடம் ஆகிறது. தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு தடவைகூட நீங்கள் சொல்லவில்லை.’

வழக்கம்போல இரண்டு தடவை பார்த்தார். முதல் தடவை தையலுக்கு, இரண்டாம் தடவை அளவுக்கு. பிறகு நோட்டை மூடினார்.

“இது போன லாட்டு.”

“என்னது?”

“ஆத்தும சோதனைங்கிறது அன்னன்னிக்கு உள்ளதுக்குத்தான். இது பதினோரு வருஷத்துப் பீஸ். ஷிப்மென்ட் ஆயிடுச்சு. இப்ப வந்து எழுதினா?”

“போனது எதுவும் உங்க கம்பெனிக்குத் திரும்பி வரதே இல்லையா?”

“வரும். சரக்கை வாங்கின பயர் திருப்பி அனுப்பினா வரும்.”

“நான்தாங்க பயர்.”

“நீ செக்கர்” என்றார் அவர்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எழுத வேணாங்க. கோவில்ல போய் அழ வேணாம். வாயால ஒரு வார்த்தை, என்கிட்ட. அது போதும் எனக்கு.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். செபமாலைக்கு நேரமாகியிருந்தது. விதி நாலு.

சனிக்கிழமை சாயங்காலம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் மாமியார் விஷயத்தையும் சொல்லிவிட்டார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியாரின் குரல் கேட்டது.

“அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டியா?”

“ஆண்டவர்கிட்டயே கேட்டாச்சே சாமி. ஹெட் ஆபீஸ்ல பாஸ் ஆனப்புறம் எதுக்கு?”

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. “உனக்கு வேற பரிகாரம் கிடையாது. வீட்டுக்குப் போ. சொல்லு. இன்னிக்கே.”

பத்து அருள்நிறை மந்திரம் கொடுத்திருந்தால் அங்கேயே முட்டி போட்டு இருபதாகச் சொல்லித் தீர்த்திருப்பார். இதற்குத் தெரு முழுக்க ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. மருந்துக்கடை முனையில் ‘தப்புப் பண்ணிட்டேன்’. லாண்டரி வாசலில் ‘தப்பு நடந்துபோச்சு’. வீட்டுப் படியில் மறுபடியும் ‘தப்புப் பண்ணிட்டேன்’. அதுதான் சரி என்று முடிவு செய்துகொண்டுதான் கதவைத் திறந்தார்.

அவள் கடைக்குப் போயிருந்தாள். மேஜையில் நோட்டு. அன்றைய வரியில் ‘குறையில்லை’. நாளைய வரியிலும் ‘குறையில்லை’. திங்கள், செவ்வாய், புதன், மாதக் கடைசிவரைக்கும் தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, நேர் வரிசையாகக் ‘குறையில்லை’.

 பீஸைப் பார்க்காமல் முன்கூட்டியே சீட்டை நிரப்பி வைக்கும் செக்கர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். சோம்பேறிகள் அப்படிச் செய்வதில்லை. மனதுக்குள் கணக்கை முடித்துக்கொண்டவர்கள் செய்வது அது. கை டேபிளில் இருக்கும். ஆள் எப்போதோ போயிருப்பார்.

கதவு திறந்தது. அவள் பையோடு உள்ளே வந்தாள். அவர் கையில் நோட்டைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

அவர் வாயைத் திறந்தார். படிவரை கொண்டுவந்த வார்த்தை நாக்கில்தான் இருந்தது. கண் மட்டும் பழக்கத்தில் கடைசி வரிக்குப் போய்விட்டது.

“முப்பத்தொண்ணு போட்டிருக்க” என்றார். “இந்த மாசத்துக்கு முப்பது நாள்தான்.”

அவள் பையைக் கீழே வைத்தாள். பேனாவை எடுத்து, குனிந்து, கடைசி வரியைப் பொறுமையாக அடித்தாள்.

“இப்ப சரியாங்க?”

“சரி” என்றார்.

அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.