பிசிறு வெட்டும் மேசையில் ஒரு பேய்

சிவப்பு ரெக்சின் அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. வாரப் பத்திரிகைகளில் வந்த பழைய பேய்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து யாரோ பைண்டு செய்திருந்தார்கள். பழைய பேப்பர் கடையிலிருந்து அதைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவள் அக்கா. சொந்த அக்கா இல்லை. மூலக்குளத்தில் நான் வேலை பார்த்த சட்டைக் கம்பெனியில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரிப்பது எங்கள் வேலை. மத்தியானத்துக்கு மேல் கண் சொக்கும். அப்போது அக்கா தன் சட்டைக் குவியலை மேசை நடுவில் தள்ளிவிடுவாள். அதை நாங்கள் பத்துப் பேரும் பங்கு போட்டுக்கொள்வோம், அவள் படிப்பாள். சாயங்காலம் வேலை முடிந்திருந்தால் சரி, சூப்பர்வைசர் கண்டுகொள்ள மாட்டார்.

வைத்திக்குப்பத்தில் மீன் கூவி விற்ற அம்மாவின் தொண்டை அவளுக்கு. "கூந்தலை விரித்துப்போட்டு அவள் மரத்தடியில் நின்றாள்" என்று குலை நடுங்கப் படிப்பாள். பக்கத்து ஓரத்தில் தைல விளம்பரம் இருக்கும். குரலை மாற்றாமல், மூச்சும் விடாமல், "முடி உதிர்கிறதா? கவலையை விடுங்கள்!" என்று அதையும் சேர்த்தே படிப்பாள். சிரித்த சிரிப்பில் நூலுக்குப் பதில் பொத்தானை வெட்டியவள் நான்.

பிறகு அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. திரும்பி வந்தபோது குரல் தகரத்தை இழுத்தது போல் கரகரத்தது. இனி இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "இந்தத் தொண்டைய வச்சிக்கினு இன்னாத்த படிக்கிறது?" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் பேச்சையே விட்டுவிட்டாள். தன் குவியலைத் தானே வெட்டினாள். எனக்குத் தாங்கவில்லை. எப்படியாவது அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று ஒருநாள் புத்தகத்தை நான் எடுத்தேன்.

பாடம் ஒப்பிப்பது போல் படித்தேன். ஒருத்தி கொட்டாவி விட்டாள். பாழடைந்த பங்களாவிலிருந்து கதாநாயகன் ஓடும் இடம் வந்தது. பேய் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். "என்னை விட்டுவிட்டா போகிறாய்?" என்று கீச்சுக் குரலில் இழுத்தேன். அக்காவின் கத்தரி நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை. அடித்தொண்டையிலிருந்து, கரகரவென்று, அதே வரியைச் சொன்னாள்.

மேசையே அலறியது. ஒருத்தி ஸ்டூல் மேல் ஏறிவிட்டாள். என் கையிலிருந்த புத்தகம் எகிறிப் போய் விழுந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்து, "யாரும்மா கத்துனது?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார், போங்க" என்றாள் அக்கா, அதே குரலில்.

அவர் இரண்டடி பின்னால் போனார். அதைப் பார்த்ததும் அக்காவுக்குச் சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பும் கரகரப்புதான்; பேய் சிரித்தால் அப்படித்தான் இருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எனக்கு அதில் பாதி அழுகை.

"இத்தினி நாளும் வேஷந்தான்டி போட்டேன். ஒரிஜினல் பேய் இப்பத்தான் வந்திருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவள் என் பக்கம் திரும்பினாள். "நீ படிச்சா பேயே தூங்கிடும். அந்தப் புக்க எடுத்துக் குடு இப்டி."

நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்துவிட்டேன். அக்கா இப்போது போனில் வாய்ஸ் மெசேஜாகக் கதை அனுப்புகிறாள். பட்டப்பகலில்கூட வீட்டில் தனியாக இருந்து அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.