ஒரு டப்பா சிறுநீருக்காக நான் செய்த செபம்

மாதாவை நம்பியிருக்கும் சகோதர சகோதரிகளே, இதை நான் கோபத்தோடுதான் எழுதத் தொடங்குகிறேன். நன்றி கடைசியில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி செல்வத்துக்கு முப்பத்தாறு வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு, பேச்சு கிடையாது. அம்மா இறந்த பிறகு, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அவனுக்கு எல்லாமே நான்தான். ஒரு வருடமாகவே தலையைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தான். மூன்று டாக்டர்களிடம் காட்டினேன். ஒருவரும் அவனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இவங்களுக்கெல்லாம் இப்படித்தாம்மா இருக்கும்" என்று வலி மாத்திரை எழுதினார்கள். நானும் மாதக்கணக்கில் கொடுத்தேன். போன ஆடியில் அவன் கால் இரண்டும் வீங்கின, முகம் உப்பியது. அதற்கும் "இப்படித்தான்" என்றார்கள்.

நான்காவதாகப் பார்த்த தஞ்சாவூர் டாக்டரம்மாதான் அவன் காலை அழுத்திப் பார்த்தார். நாலு பேர் பிடித்துக்கொள்ள, ரத்தம் எடுத்தார்கள். "கிட்னி கெட ஆரம்பிச்சிருக்கு. யூரின் டெஸ்ட் பாத்தாத்தான் எதனாலன்னு தெரியும். சீக்கிரம் கொண்டு வாங்க. விட்டா டயாலிசிஸ்ல போய் நிக்கும்" என்றார். ஊசியே போட விடாதவன் மெஷினில் மணிக்கணக்காக எப்படிப் படுப்பான்?

டப்பாவைக் கண்டாலே செல்வம் ஓடினான். கக்கூஸுக்குக் கூட்டிப்போனால் தட்டிவிட்டான். பிறகு கைலியிலேயே போனான். ஆறு நாள் இதே கூத்து. ஏழாம் நாள் செபமாலையைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டேன்: "மாதாவே, வேளாங்கண்ணியில ஒன்கிட்ட எல்லாரும் பிள்ளை கேக்குறாங்க, வேலை கேக்குறாங்க. நான் ஒரு டப்பா மூத்திரம் கேக்குறேன். அதுகூடவா ஒன்னால முடியாது?" கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

மறுநாள் காலைத் திருப்பலியில் திடீரென்று சித்தப்பா நினைவு வந்தது. எரிச்சலாக இருந்தது. குத்தகைதாரர் என்று தாத்தா பேரில் பதிவான நிலத்தைப் பங்கு பிரித்ததில், ஒரு வரப்புக்காக ஒன்பது வருடமாக எங்களுக்குள் வழக்கு. பேச்சுவார்த்தை இல்லை. அவர் வயலில் மோட்டார் ஓடித் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டால் போதும், செல்வம் அங்கே போய் நின்று சிறுநீர் கழிப்பான். "தொட்டிகிட்ட அசிங்கம் பண்றான்" என்று அவர் விரட்டியதும் எங்கள் சண்டையில் சேர்ந்தது. போயும் போயும் அந்த வாசலுக்கா அனுப்புகிறாய் என்று மாதாவிடம் முணுமுணுத்துக்கொண்டே செல்வத்தைக் கூட்டிப்போனேன்.

விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பா செல்வத்தின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைக் கேக்க ஒனக்கு இத்தனை நாளா? உக்காரும்மா. மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் போடுறேன்" என்றார். மூன்று பேரும் மோட்டார் கொட்டகையில் காத்திருந்தோம். நான் மனசுக்குள் மின்சாரத்துக்கும் சேர்த்துச் செபித்தேன்.

கரண்ட் வந்தது. மோட்டார் உறுமியது. செல்வம் சிரித்தான். தொட்டியருகே போய் நின்றான். நான் டப்பாவை நீட்டினேன். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. டப்பா நிறைந்து என் கையில் வழிந்தது. "மாதாவே நன்றி" என்று வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். சித்தப்பாவே பைக்கில் கொண்டுபோய் லேபில் கொடுத்தார்.

சிறுநீரில் புரதம் போவதும், நாள்பட்ட கிருமித் தொற்றும் தெரிந்தன. டாக்டரம்மா, கிட்னியைக் கெடுக்கும் அந்த வலி மாத்திரையை நிறுத்தி, தொற்றுக்கு மருந்து கொடுத்தார். "தண்ணி ஒழுங்கா குடிக்கிறாரா?" என்று கேட்டார். கைலியை நனைக்கிறான் என்று இரண்டு வருடமாக மதியத்துக்கு மேல் அவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருந்தவள் நான். குடத்தைத் தட்டிக்கொண்டே நிற்பான். விளையாடுகிறான் என்று குடத்தை மேலே தூக்கி வைத்தேன். டாக்டர்களைத் திட்டிய அதே வாயால் இதையும் சொல்கிறேன்.

கிட்னி முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் மேலும் கெடாமல் நிற்கிறது, வீக்கம் வடிந்துவிட்டது. வழக்கும் முடியவில்லை. ஆனால் த்ரீ பேஸ் வந்ததும் வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "செல்வம், மோட்டார் போட்டாச்சு, வாடா!" என்று குரல் வருகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை வளர்ந்து நிற்கலாம். "அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாதாவிடம் கேளுங்கள், கத்தியாவது கேளுங்கள். பதில் பிடிக்காத வீட்டில் இருந்தாலும் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

குடம் இப்போது கீழேதான் இருக்கிறது. இதை எழுதும்போதும் தட்டுகிறான். டாக்டரம்மா சொன்ன அளவில் இன்னும் ஒரு டம்ளர் பாக்கி இருக்கிறது. கொடுத்துவிட்டு வருகிறேன்.