யானைக்கு ஒண்ணாம் நம்பர்

படம் எடுக்கிற வெள்ளைக்காரர்கள் ஒரு படத்தை எடுத்து முடித்ததும் அதைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து முதலில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குத்தான் அனுப்புவார்கள். எங்கள் ஸ்டோரில் வேலை செய்யும் சன்னாசி அண்ணன் தலையை ஆட்டினால்தான் அது லண்டனிலும் பம்பாயிலும் ஓடும். ஆட்டாவிட்டால் படச்சுருளை அங்கேயே கொளுத்திவிடுவார்கள். தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் இப்படித்தான் சொல்வேன். ஏழு பேர் நம்பியிருக்கிறார்கள். ஒருவர் போய் அவருக்குக் கும்பிடுகூடப் போட்டார்.

உண்மையில் சன்னாசி அண்ணன் கங்காணியோடு கப்பலேறி வந்து இருபத்திரண்டு வருஷம் ஆன ஆள். புகைக்கூடத்திலிருந்து வெளியே வரும் ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிப்பது அவர் வேலை. ஒவ்வொன்றாக எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். உள்ளே தூசி, மரப்பட்டைத் துணுக்கு எதுவும் இல்லாமல் தேன்போல இருந்தால் ஒண்ணு. கொஞ்சம் அழுக்கிருந்தால் ரெண்டு, பிறகு மூணு. ஒன்றுக்கும் ஆகாதது கட்டிப்பால் என்கிற கழிவு ரப்பர்க் குவியலுக்குப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்கு நடந்துபோய்ப் பகல் ஆட்டம் பார்த்துவிட்டு வந்தால் படத்துக்கும் அதே நம்பர்தான். திங்கள் சாயங்காலம் நாங்கள் குடியிருக்கும் லயத்துக் குழாயடியில் எல்லாரும் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.

"அண்ணே, இந்தத் தடவ என்ன நம்பர்?" என்று ஷீட் உதறும் காளியம்மா கேட்பாள்.

"ரெண்டு. குதிர நல்லா ஓடிச்சி. அந்த வெள்ளக்காரிதான் சும்மா சும்மா மயங்கி விழுறா. நம்ம தோட்டமா இருந்தா அவளுக்குப் பேரே விழாது, கூலியும் கெடையாது."

"அப்ப எதுக்குத்தான் ஒண்ணு கொடுப்பீங்க?"

"கொட்டகையே அழணும். அப்பதான் ஒண்ணு."

அவர் ரெண்டு என்றால் யோசித்துப் போவார்கள். மூணு என்றால் அந்தப் படத்துக்கு எங்கள் தோட்டத்திலிருந்து ஓர் ஆள்கூடப் போகாது.

எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அவர் கண் போய்க்கொண்டிருந்தது. வலது கண் முழுக்கப் போய், இடது கண்ணில் பெரிய உருவங்கள் மங்கலாகத் தெரிந்தன. அத்தனை வருஷப் புகை. வேலைக்கு ஆகாத ஆளைப் பினாங்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் அவர் ஷீட்டுகளை விரலால் தடவி, மோந்து பார்த்து நம்பர் சொன்னார். பூஞ்சணத்தை மூக்கு சொல்லிவிடும். பிசுபிசுப்பை விரல் சொல்லிவிடும். உள்ளே சிக்கிய பட்டைத் துணுக்கை மட்டும் எதுவும் சொல்லாது. இருந்தாலும் பழக்கம் மாறாமல் ஒவ்வொன்றையும் சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். பக்கத்திலேயே ஷீட் அழுத்தும் மெஷின் சுற்றிக்கொண்டிருந்த எனக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை.

படத்துக்கு என்னைத்தான் கூட்டிப்போவார். மூன்றாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பேன், படிக்க வராததை இட்டு நிரப்புவேன். எல்லாம் பேசாத படம்; திரையில் எழுத்து வந்ததும் முழங்கையால் இடிப்பார்.

"என்னடா போட்டிருக்கான்?"

பிறகு எழுத்து இல்லாத இடத்திலும் இடிக்க ஆரம்பித்தார். "இப்ப உள்ள வந்தது யாரு?" "அவ சிரிக்கிறாளா, மொறைக்கிறாளா?" நான் அதை நச்சரிப்பு என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நச்சரிப்புக்குப் பழிவாங்க, மாலுமி ஒருவனின் கல்யாண ஊர்வலத்தில் யானையை விட்டேன்.

"அண்ணே, யானை வருது. வெள்ளை யானை."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். மலை மாதிரி."

அவர் தலையை வலப்பக்கம் திருப்பினார். "அட, ஆமா," என்றார். சிரிப்பை அடக்க நான் துண்டைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் குழாயடியில் அந்த யானை என் யானையைவிடப் பெரிதாகிவிட்டது. துதிக்கையால் பெண்ணுக்கு மாலை போட்டது. மாலுமியின் அம்மா முன்னால் மண்டியிட்டது. "கொட்டகை அழல. ஆனாலும் அந்த யானைக்காக ஒண்ணு கொடுக்குறேன்," என்றார் சன்னாசி அண்ணன்.

ரப்பர்க் கட்டுகளை ஈப்போவுக்கு ஏற்றிப்போகும் வண்டிக்கார உடையப்பன் அன்றைக்கு அங்கே இருந்தான். முந்தின வியாழக்கிழமை பாரம் இறக்கிவிட்டு அவனும் அதே படத்தைப் பார்த்திருக்கிறான்.

"எந்த யானைண்ணே? அதுல ஒரு நாய்கூட வரலியே."

"வந்திச்சிடா. ஊர்வலத்துல."

"நீங்க தூங்கிட்டீங்க லா. கனவுல வந்த யானைக்கு நம்பர் போடுறீங்க."

குழாயடியே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். சிரிக்காதவர் ஒருவர்தான். அந்த வழியாக வந்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மயில்வாகனம். ஒண்ணாம் நம்பர் கட்டுகளில் பட்டைத் துணுக்கு கிடப்பதாக வாங்குகிறவர்களிடமிருந்து அவருக்கு இரண்டு மாதமாகக் கடிதம் வந்துகொண்டிருந்தது. பால் வெட்டுகிறவர்களைத் திட்டிப் பார்த்தும் தீரவில்லை. அவர் நின்றார்.

"நீர் யானையைக் கண்டீரோ?"

"கண்டேன் ஐயா."

"வடிவாக் கண்டீரோ?"

"நல்லாக் கண்டேன் ஐயா."

சன்னாசி அண்ணன் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். பத்துமலைதான் சொன்னான் என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால், பக்கத்தில் இருந்தவன் எதற்குச் சொல்ல வேண்டும், உனக்குக் கண் இல்லையா என்று அடுத்த கேள்வி வரும். என் சிரிப்பு அங்கேதான் நின்றது. அதுவரை விளங்காததெல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. விளங்கியும் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை கிராணி ஒரு ஷீட்டோடு ஸ்டோருக்கு வந்தார். அதன் நடுவில், கட்டுகளுக்கு முத்திரை குத்தும் மையால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. அதைச் சன்னாசி அண்ணன் கையில் கொடுத்தார். மெஷினை நிறுத்தினேன். ஷீட் உதறிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

அவர் தடவினார். மோந்தார். சன்னலுக்கு நேராகத் தூக்கி, வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்திருந்தார். வெளிச்சத்தில் அந்தக் குறி எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

"ஒண்ணு ஐயா. சுத்தமா இருக்கு."

கிராணி அதைத் திரும்ப வாங்கி மடித்தார். "சரி. நீர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டும்," என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் கொஞ்சம் தேவலை என்று இருந்தது.

மூன்று வாரத்தில் அவரை ஊருக்கு அனுப்பும் தாளில் துரை கையெழுத்துப் போட்டார். கப்பல் நாள் குறித்தாகிவிட்டது. தரம் பிரிக்கும் இடத்தில் காளியம்மாவை நிறுத்தினார்கள். குழாயடியில் யாரும் படத்துக்கு நம்பர் கேட்கவில்லை. உடையப்பன் மட்டும் ஒரு நாள் வந்து, "நான் வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ணே," என்றான். "நீ பார்த்தத நீ சொன்ன," என்றார் அவர்.

"ஊர்ல யாருண்ணே இருக்காங்க?" என்று நான் கேட்டேன்.

"ஒரு அண்ணன் இருந்தான். அங்கருந்து ஒரு கடுதாசிதான் வந்திச்சி. அவன் செத்துட்டான்னு."

கப்பலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வரமாட்டேன் என்றவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன். தொலைந்த மகனைத் தேடி ஊர் ஊராக அலையும் ஒரு தாயின் கதை. நான் ஒன்றையும் விடவில்லை. அவள் கிழிந்த சட்டை, பனி, மூடின கதவுகள், அவளை விரட்டிய வேலைக்காரன் வாய்க்கோணல் வரை சொன்னேன். எழுத்தை எழுத்தாகவே படித்தேன்.

கடைசியில் மகன் வீட்டு வாசல்படியில் தலையை வைத்து அவள் செத்துப்போனாள். அவன் கதவைத் திறந்து, அவளைத் தாண்டிப் போய், வண்டியேறிவிட்டான். இதை மட்டும் நான் சொல்லவில்லை.

"என்னடா ஆச்சு?"

"கதவத் தொறந்துட்டாண்ணே. அடையாளம் கண்டுக்கிட்டான். கட்டிப் பிடிச்சி உள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டான்."

படம் முடிந்து அவர் என்னோடு திரும்பினார். குனோங் ராபாட் சுண்ணாம்புக் குன்று வரும்வரை என் தோளில் கைவைத்தபடி நடந்தார். வெயில் இறங்கியிருந்தது.

"என்ன நம்பர்ணே?" என்று கேட்டேன்.

"ஒண்ணு. எனக்கு முன்னால இருந்த பொம்பள மூக்க உறிஞ்சிக்கிட்டே இருந்தா. பின்னால ஒரு சீனக் கிழவன் விக்கி விக்கி அழுதான். கொட்டகையே அழுதிச்சி." பத்தடி நடந்தார். "இன்னைக்கு யானைய எங்கடா காணோம்?"

நான் தரையைப் பார்த்து நடந்தேன். தோளில் இருந்த கை அப்படியே இருந்தது.

"சரி, அத விடு," என்றார். "மகன் வந்து ஆத்தாளக் கட்டிப் பிடிச்சிட்டான்னா, நீ எதுக்குடா அழுத?"