கருகினது ஒன்று, காணாமல் போனது ஒன்று

கோலார் தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம் என் மகள் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸிலிருந்து விடியற்கால ரயிலில் போவாள், இருட்டிய பிறகு வருவாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

ஒரு சனிக்கிழமை, மிச்ச வேலையை வீட்டில் முடித்துக்கொண்டு வா என்று கம்பெனி லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஞாயிறு காலையில் கரண்ட் போயிற்று. திரும்பி வந்ததும் லேப்டாப்புக்குள்ளே பட்டென்று ஒரு சத்தம், தீய்ந்த வாடை. அதற்கப்புறம் அந்தப் பெட்டிக்கு உயிரே இல்லை. திங்கட்கிழமை அதை நல்லபடியாகக் கொண்டுபோய் வைக்காவிட்டால் வேலை போய்விடும் என்றாள் மகள். அழவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். டிப்ளமோவில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள்தானே.

பேப்பரை விரித்து, போர்டை வெளியே எடுத்து வைத்தாள். சார்ஜர் குத்துகிற துளைக்குப் பக்கத்தில் துவரம்பருப்பு அளவில் ஒன்று கருகிப் பிளந்திருந்தது. மீட்டரின் இரண்டு முனைகளையும் அதன்மேல் வைத்தாள். மீட்டர் விடாமல் கத்தியது. கத்தக் கூடாத இடமாம் அது. கெபாசிட்டர் ஷார்ட் ஆகிவிட்டது, இதை மட்டும் மாற்றினால் போதும் என்றாள். அதன்மேல் இருந்த எழுத்து எரிந்துபோயிருந்தது. பக்கத்திலேயே அதேபோல இன்னொன்று இருக்க, அதைப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டாள். மாற்றுவதற்குச் சாமானும் இல்லை, சின்ன முனை வைத்த சால்டரிங் அயர்னும் வீட்டில் இல்லை.

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் டிவி ரிப்பேர் செய்கிறவரிடம் போனோம். நானும் கூடப் போனேன், அவ்வளவுதான். கடைக்குப் போனால் விரலைக் காட்டி வாங்கிக்கொண்டு வருகிறவள் நான். பேச வேண்டியதை எல்லாம் என் வீட்டுக்காரர் இருந்தவரை அவரே பேசிவிடுவார்.

மகள் சொன்னதைக் கடைக்காரர் பாதிகூடக் கேட்கவில்லை. "ஆம்பளைங்க யாரும் வரலியாக்கா?" என்று என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இந்த ஒண்ணுதாண்ணா போயிருக்குது," என்றாள் மகள். "அதோ அந்தப் பழைய போர்டுல அதே நம்பர் இருக்குது. அயர்ன மட்டும் குடுங்க, நானே மாத்திக்கிறேன்."

"நீ மாத்துவியா? கொழம்புக் கரண்டின்னு நெனச்சிக்கினியா பாப்பா இத?"

சிரித்துக்கொண்டே போர்டை வாங்கி, செருகியிருந்த விரல் நீளப் பட்டை ஒன்றைப் பிடுங்கினார். மெமரியாம் அது, அது இல்லாமல் லேப்டாப் ஓடாதாம். மகள் அந்தச் சமயம் பின்னாலிருந்த அலமாரியில் அந்தப் பழைய போர்டின் நம்பரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பட்டையின் ஓரத்தில் வரிசையாகத் தங்கக் கோடுகள். அதை உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் போட்டுப் பார்த்தார். பிறகு வெயில் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் அந்தக் கை அசைவு தெரியும். தங்கம் இருக்கிறதா என்று கல்லை அப்படித்தான் பார்ப்பார்கள். கருகின இடத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"போர்டே போச்சி. வுட்டுட்டு போங்க. பெங்களூர்ல வேற கெடைக்குதான்னு பாக்கறேன்," என்றார்.

வேண்டாம் என்று சொல்லி மகள் போர்டைப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்தாள். பட்டை இருந்த இடம் காலியாக இருந்ததை அவள் பார்க்கவில்லை. அது மேஜை டிராயரில், துடைக்கிற துணிக்கு அடியில் போனதை நான் பார்த்தேன்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வீட்டுக்காரர் நெஞ்சில் கல்தூசு ஏறிச் செத்தவர். அந்த மண்ணுக்குள் இருந்து ஒரு பொட்டுத் தங்கம் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. இவர் என் பெண்ணின் சோற்றில் கை வைத்துவிட்டு, பாப்பா என்று கூப்பிடுகிறார்.

"அந்த டிராவத் தொற," என்றேன்.

"இன்னாக்கா?"

"என் ஊட்டுக்காரரு சுரங்கத்துலேர்ந்து கேஜ்ல ஏறி மேல வந்தா, ஒவ்வொரு ஷிப்டுக்கும் செக்கிங்ல வாயத் தொறந்து காட்டிட்டுதான் ஊட்டுக்கு வருவாரு. சோத்து டப்பாவக் கவுத்துக் காட்டுவாரு. ஒருநாளும் ஒரு பொட்டுத் தங்கம் கெடைக்கல செக் பண்றவங்களுக்கு. நீ ஒரு டிராவத் தொறக்க மாட்டியா?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். டெஸ்ட் பண்ண எடுத்தேன், மறந்துட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே துணியை விலக்கிப் பட்டையை எடுத்து வைத்தார். மறந்திருக்கலாம் என்று மகள் பிற்பாடு சொன்னாள். நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

"அயர்ன அவகிட்ட குடு," என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

கொடுத்தார். மகள் அவர் மேஜையிலேயே உட்கார்ந்து கருகினதைச் சூடு காட்டிப் பெயர்த்தாள். மீட்டரை வைத்ததும் அது வாயை மூடிக்கொண்டது. பழைய போர்டிலிருந்து எடுத்த நல்லதை, அதன் கோடு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று பார்த்து, ஈயம் உருக்கி ஒட்டவைத்தாள். திருப்பி வைத்தால் இதுவும் வெடிக்குமாம். பட்டையைச் செருகி, சார்ஜரைக் குத்தினாள். பச்சை விளக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் திரையும் வந்தது.

"கை நல்லா இருக்குதும்மா," என்றார் கடைக்காரர். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வழியெல்லாம் மகள் என்னைத் திட்டிக்கொண்டு வந்தாள். ஏம்மா அப்படிக் கத்தின, ஊரெல்லாம் பேசும் என்றாள். பேசட்டும் என்றேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

திங்கட்கிழமை அவள் அதைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினாள். யாரும் எதுவும் கேட்கவில்லையாம். வேலை நன்றாகச் செய்திருக்கிறாய் என்று, அடுத்த சனிக்கிழமையும் அதே லேப்டாப்பைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வேலைக்கு இனிமேல் பயமில்லை என்று அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு வந்ததோ கோபம்தான். அவளுக்கு இருக்கிறது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதையும் பிடுங்கி வேலை கொடுப்பார்களா? இந்த ஊர்க் கரண்டை நம்பியா? அவள் சார்ஜரை எடுத்தபோது ஸ்விட்சின்மேல் கையை வைத்துக்கொண்டு, முதலில் சாப்பிடு என்றேன்.