வெயில் இல்லாத ஊரில் உப்புக்கண்டம்

மகளைக் கப்பல் ஏற்றிவிட வரும் அப்பாக்கள் புத்தி சொல்வார்கள், இல்லையென்றால் அழுவார்கள். என் அப்பா மெட்ராஸ் துறைமுகத்தில் நின்றுகொண்டு உப்புக்கண்டத்தைப் பற்றிப் பேசினார்.

"வருசத்துல முக்காவாசி மழையாமே அங்க. உப்புக்கண்டம் காயிறதுக்கு வெயில் இல்லாத ஊர்ல மனுசன் எப்புடிக் குடும்பம் நடத்துறது?"

எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்காரருக்கு வேலை இருந்த போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறினேன். கூடவே என் சீர்ப் பெட்டியும் ஏறியது. மதுரையில் கடை கடையாக அலைந்து, தட்டித் தட்டிப் பார்த்து அப்பா வாங்கிய தகர டிரங்குப் பெட்டி. பச்சை வர்ணம், மூடியில் தாமரைப் பூ. பூவுக்குக் கீழே வெள்ளை எழுத்தில் அவருடைய பெயரையும் ஊரையும் எழுதச் சொல்லியிருந்தார். எங்கே தொலைந்தாலும் பெட்டி அவரிடமே திரும்பி வந்துவிட வேண்டுமாம். பெட்டியை மட்டும்தான் சொல்கிறாரா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

போர்ட் பிளேரில் பத்துபஸ்தி பக்கம் லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஒரு அறை, ஒரு சமையலறை, தகரக் கூரை. மழை பெய்தால் பேச்சுக் கேட்காது. எனக்கு அந்த வீடு பிடித்துப்போயிற்று. மதுரையில் அண்ணிகளிடம் கேட்டுக்கொண்டுதான் காப்பித்தூள் டப்பாவைத் திறக்க வேண்டும். இங்கே டப்பாவும் என்னுடையது, தூளும் என்னுடையது. கடைக்குப் போய் அரைகுறை இந்தியில் சண்டை போட்டு வெங்காயம் வாங்கி வருவதில் எனக்குத் தனி சந்தோஷம் இருந்தது.

உப்புக்கண்டம் விஷயத்தில் மட்டும் அப்பா ஜெயித்துவிட்டார். நானும் கறியை வார்களாக அறுத்து, உப்பு மஞ்சள் தடவி, கயிற்றில் மாலையாகக் கோத்து வெயிலில் கட்டிப் பார்த்தேன். கட்டிவிட்டுத் திரும்பினால் மழை. உள்ளே எடுத்து வைத்தால் வெயில். மறுபடி கட்டினால் மழை. கடைசியில் கறியில் பச்சையாகப் பூசணம் பூத்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் பூத்த ஒரே பூ அதுதான்.

இரண்டாவது வருஷம் அப்பா வருவதாகத் தந்தி வந்தது. என்னைப் பார்க்க மட்டும் அல்ல. சொந்தக்காரர் அரிசி மில்லில் என் வீட்டுக்காரருக்கு ஒரு வேலை பேசி வைத்துவிட்டார், எங்களைக் கையோடு கூட்டிப்போகப் போகிறார் என்று அம்மா ஊர்க்காரர் ஒருவர் மூலம் முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"மாமா இவ்வளவு தூரம் வந்து கேட்டா எப்புடி மாட்டேங்கிறது?"

"அப்ப போறமா?"

"போறம்னும் சொல்லலையே."

என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர். முடிவு எடுக்க மட்டும் வராது. அரசாங்க ஸ்டோரில் குமாஸ்தா. ஆணி வாங்குவதென்றால்கூட ஊரைக் கூட்டி யோசனை கேட்பார். இவரை நம்பிப் பயனில்லை என்று தெரிந்தது. அப்பா வாயை அடைக்க ஒரே வழி, அவர் இலையில் இந்த ஊர் உப்புக்கண்டத்தை வைப்பது. வெயில் இல்லாவிட்டால் என்ன, புகை இருக்கிறதே! காட்டுப் பக்கம் குடியிருந்தவர்கள் பன்றிக்கறியையும் மான்கறியையும் புகையில் வாட்டி வைப்பதைக் கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு. அதன் மேலே கறியைக் கட்டினால் விளக்குத் திரியைத் தின்பது போலத்தான் இருக்கும். ஆகவே புகை போட ஒரு கூண்டு வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் உற்சாகமாகிவிட்டார். ஊரைக் கேட்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே.

முதலில் ஒரு தார் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். "கெட்டியான சாமான். ஆயுசுக்கும் வரும்" என்றார். சாம்பல் போட்டுத் தேய்த்தோம், உள்ளே தீ மூட்டி எரித்தோம். கறியை வீணாக்க வேண்டாமென்று ஒரு சூரை மீனைத் தொங்கவிட்டுத் தேங்காய் மட்டையைப் புகைய வைத்தோம். சாயங்காலம் அவர் ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார்.

"எப்புடி இருக்கு?"

"ரோட்டை நக்குன மாதிரி இருக்கு."

அடுத்து மண்ணெண்ணெய் டின். அது சின்னது, மீனின் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை. பிறகு யாரோ சொன்னார்களென்று, எங்கள் பால், குழம்பு எல்லாம் வைக்கும் கம்பி வலை அலமாரிக்கு அடியில் நெருப்பு வைத்தார். புகை வலை வழியாக நாலாபக்கமும் போயிற்று, மீன் மேல் மட்டும் படவில்லை. அலமாரியின் ஒரு கால் எரிந்துபோய், அன்றிலிருந்து அது நொண்டி அலமாரியானது.

"செங்கல்லு வச்சுக் கட்டலாம்கிறாங்க. இல்லாட்டி மூங்கில்ல..." என்று அவர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் மெட்ராஸை விட்டுக் கிளம்பியாயிற்று. கப்பல் வந்து சேரும் நாள் காலையில்தான் மான்கறி கிடைத்தது. அந்தக் காலத்தில் வேட்டையாடியவர்கள் பங்கு போட்டு விற்பார்கள், கேட்பாரில்லை. கறியை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் என் அப்பாவை அழைக்கத் துறைமுகத்துக்குப் போய்விட்டார். கறி இருக்கிறது, கூண்டு இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அறைக்குள் போனேன். பச்சைப் பெட்டி கண்ணில் பட்டது. கெட்டித் தகரம், பொருந்தி மூடும் மூடி, என் கை நீளத்துக்கு உள்ளே இடம். சேலைகளைக் கட்டிலில் கொட்டினேன். சுத்தியலையும் ஆணியையும் எடுத்தேன்.

அடியில் வரிசையாக ஓட்டை போட்டேன். குழி வெட்டி, செங்கல் மேல் பெட்டியைத் தூக்கி வைத்து, வெறும் பெட்டியை ஒரு முறை நன்றாக எரியவிட்டேன். பச்சை வர்ணம் உரிந்தது, தாமரை கருகியது. ஆற வைத்துத் தேய்த்துக் கழுவி, குறுக்கே கம்பி கட்டிக் கறியைத் தொங்கவிட்டேன். அருமையாகப் புகைந்தது. கறியில் ஊர்ப் பழக்கப்படி உப்பு, மஞ்சள், அதோடு தாராளமாக மிளகாய்ப்பொடியும் தடவியிருந்தேன். வெயிலில் காய வைத்தால் மிளகாய் சும்மா இருக்கும். நெருப்புக்கு மேலே தொங்கவிட்டால் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை.

கறியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட மிளகாய் கங்கில் விழுந்தது. நெடி கிளம்பியது. முதலில் நான் இருமினேன். பிறகு பக்கத்து வீட்டில் இருமினார்கள். பிறகு லைன் முழுக்க இருமல். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு வங்காளத்து அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். நான் திருஷ்டிக்கு மிளகாய் சுற்றிப் போடுவதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

"அரே பஹன், கிஸ்கா நஜர் உதார் ரஹீ ஹோ? பூரே போர்ட் பிளேர் கா?"

யாருக்குத் திருஷ்டி கழிக்கிறாய், போர்ட் பிளேர் முழுக்கவா என்கிறாள். அந்த நேரம் பார்த்து டாக்ஸி வந்து நின்றது. அப்பா இறங்கினார். தெருவில் ஒரு ஊரே இருமிக்கொண்டிருக்கிறது. நடுவில் கையில் சுத்தியலும் முகமெல்லாம் கரியுமாக அவர் மகள். அவர் மூக்கைச் சுளித்து முகர்ந்தார்.

"யாரு வீட்லத்தா உப்புக்கண்டம் கருகுது?"

குளித்துவிட்டு வந்து இலை முன் உட்கார்ந்தார். அரைகுறையாக வாடிய கறியில் கொஞ்சத்தை எடுத்து எண்ணெயில் பொரித்து வைத்தேன். ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"ஆடு இல்லையே இது."

"மான்ப்பா."

இலையைக் காட்டி இன்னும் வை என்று கையசைத்தார். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். கை கழுவிவிட்டு வெற்றிலையை மடித்தபடி நிதானமாகச் சொன்னார்.

"மில்லுல வேலை பேசி வச்சாச்சு மாப்ள. இதே கப்பல்ல எல்லாருமாத் திரும்பிருவோம். ஆத்தா, பெட்டியக் கட்டு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "மாமா சொன்னா..." என்று ஆரம்பித்து அங்கேயே நின்றார். திரும்பிப் போனால் மறுபடி காப்பித்தூள் டப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"பெட்டி கொல்லையில இருக்குப்பா. வந்து பாருங்க."

வந்தார். பெட்டி செங்கல் மேல் உட்கார்ந்து புகைந்துகொண்டிருந்தது. பச்சையும் இல்லை, தாமரையும் இல்லை. கரிக்கு நடுவே மங்கலாக அவருடைய பெயர் மட்டும் தெரிந்தது. அப்பா குனிந்து அதைப் படித்தார். மூடியைத் திறந்தார், புகை முகத்தில் அடித்தது, இருமினார். உள்ளே வரிசையாகத் தொங்கிய கறியைப் பார்த்தார். அடியில் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அந்தப் பெட்டிக்காக அவர் எத்தனை கடை ஏறி இறங்கினார் என்று எனக்குத் தெரியும். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

"நல்ல தகரமாப் பாத்துத்தான் வாங்குனேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மூடியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"அடியில மட்டும் ஓட்டை போட்டா எப்புடித்தா? புகை உள்ளேயே அடைஞ்சு கறி கசந்து போகும். மேலயும் வழி விடணும். சுத்தியல் எங்க?"

கொடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து மூடியைச் சாத்தினார். தன் பெயருக்கு நடுவிலேயே ஆணியை வைத்து ஓங்கி அடித்தார்.

என் வீட்டுக்காரர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "அப்ப மாமா, அந்த மில்லு வேலை?"

"அது கெடக்கு மாப்ள. இந்த மூடியக் கெட்டியாப் புடிங்க, ஆடுது."