வராண்டாவில் ஓடுகிறவள்

குளிப்பாட்டும்போதுதான் முதலில் கவனித்தேன். ஷெரினின் கால்களை விரிக்க முடியவில்லை. கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொண்டு நின்றன.

குறைமாதத்தில் பிறந்த இரட்டையரில் ஷெரின் இளையவள். மூத்தவள் அன்று மாலையே போய்விட்டாள். அதற்குள் நர்ஸ் ஒருவர் அவசர ஞானஸ்நானம் கொடுத்தார். ஸ்டெல்லா என்று பெயரிட்டோம். பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை.

திருநெல்வேலி மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பெருமூளை வாதம் (பிறப்பை ஒட்டி மூளையில் நேர்ந்த பாதிப்பால் தசைகள் சொன்னபடி கேட்காத நிலை) என்றார்.

"மூளைல உள்ள பாதிப்பு இனிமே அதிகமாகாதும்மா. ஆனா பயிற்சி இல்லன்னா தசை சுருங்கிரும். இப்பவே ஆரம்பிங்க."

எங்கள் ஊர் தூத்துக்குடியிலேயே ஒரு பிசியோதெரபி மையத்தில் சேர்த்தோம். தசைகளை நீட்டும் பயிற்சி, ஸ்பிளிண்ட் (பாதத்தை நேராக நிறுத்தும் பிளாஸ்டிக் உறை), பட்டைகளால் கட்டி நிற்கவைக்கும் மரச்சட்டம். இறுகிய காலைப் பிடித்து நீட்டும்போது அவள் கதறுவாள். விடக்கூடாது, மெல்ல, தசை தானாக இளகும்வரை பிடித்திருக்க வேண்டும்.

அங்கேதான் ஸ்டெல்லா வரத் தொடங்கினாள். ஷெரினுக்குத் தலை நிற்காதபோது அவள் உட்கார்ந்திருந்தாள். ஷெரின் உட்காரப் பழகியபோது அவள் கதவைப் பிடித்து நின்றாள். ஷெரினைச் சட்டத்தில் கட்டினால், வராண்டாவில் அவள் ஓடும் சத்தம் கேட்கும். ஒரு குறையும் இல்லாமல், வயதுக்குச் சரியாக, அவளை மனதுக்குள் வளர்ப்பது நான்தான் என்று தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்ப்பேன்.

ஒருநாள் தெரபிஸ்ட் கேட்டார்: "அங்கன யாரக்கா பாக்கீய? பிள்ள ஒங்க மொகத்தத்தான் பாக்குது."

அன்று என் கணவர் சேவியரிடம் சொன்னேன். துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்.

"எனக்கும் வாரா," என்றார். "பக்கத்து சீட்ல உக்காந்து பேசிக்கிட்டே வாரா."

ஷெரினுக்கு அப்போது பேச்சு வந்திருக்கவில்லை.

அவளுக்குச் சொற்கள் வரத் தொடங்கிய பிறகு, கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனோம். மணலில் வாக்கரின் சக்கரம் உருளவில்லை. சேவியர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, சின்னச் சிலுவைவரை வந்தாள். அக்கா என்று சொன்னேன். திக்கித் திக்கிக் கேட்டாள்:

"அக்கா... நடப்பாளா?"

"இல்லம்மா," என்றேன். "அக்கா நடக்கவே இல்ல."

அதை என் வாயால் சொன்னபோதுதான் முதன்முதலாக என் காதாலும் கேட்டேன். சேவியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை வளரலாம். அது பிறக்காமலே கூட வளரும். வைத்தியம் அதற்கு இல்லை. யாரிடமாவது சொல்லுங்கள்.

ஷெரின் இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நெடுநேரம் கிடக்கிறது. அவள் தசை இறுகும்போது என் கெண்டைக்காலும் இறுகுகிறது. சில நாள் வராண்டாவில் இன்னும் சத்தம் கேட்கிறது. நான் திரும்புவதில்லை. நுனிக்காலிலேயே ஊன்றும் ஷெரினின் குதிகால் தரையைத் தொடட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.