மெழுகு மண்டபத்தில் வாங்கிய திட்டு

மெழுகுச் சிலை மண்டபத்தில் வேலை பார்ப்பது என்றால், யாரோ செய்த மூஞ்சிக்கு நாம் பதில் சொல்வது. ரேஷன் கடையிலும் வங்கிக் கவுன்டரிலும் பஸ்ஸிலும் நின்று, தான் செய்யாத தப்புக்கு ஏச்சு வாங்கும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே இனம்.

பழவேற்காட்டில் படகுத்துறைக்குப் போகும் சாலையில், முன்பு ஐஸ் கம்பெனியாக இருந்த கட்டடம்தான் எங்கள் மண்டபம். பூநாரை பார்க்கவும் படகில் போகவும் ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து கூட்டம் வருகிறதே, அதை வளைத்துப் போடலாம் என்று எங்கள் முதலாளி நினைத்தார். மலை ஊர் ஒன்றில் மூடிப்போன கண்காட்சியிலிருந்து நடிகர், பாடகி, கிரிக்கெட் வீரர், அரசியல் தலைவர் என்று ஒரு லாரி நிறையப் பிரபலங்களை வாங்கி வந்து இறக்கினார். தூசி தட்ட, தலை வார, புடவை கட்ட, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்ட ஒரு ஆள் வேண்டுமே, அது நான். பெயர் தேவகி. வீட்டுக்காரர் ஏரியில் இறால் பிடிக்கிறார். உதிர்ந்த புருவத்தை வரையவும் வெடித்த கன்னத்தைப் பூசவும் சூசை அண்ணன். அவர் படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். மண்டபத்தின் மொத்த ஊழியர்களும் நாங்கள் இரண்டு பேர்தான்.

மாலையோடு வந்தவர்கள்

சினிமா ஹீரோ ஒருவரின் சிலை வாசலிலேயே நிற்கும். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னாலும் சிலையைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். நிஜத்தில் நல்ல உயரம். எங்கள் ஹீரோ என் தோள் வரைக்கும்தான் வருவார். லாரியில் வரும்போது தாடை நசுங்கியதில் பல்வலிக்காரர் மாதிரி ஒரு பக்கம் வீங்கியிருக்கும். கறுப்புக் கண்ணாடி மாட்டி, காலர் தூக்கி, எப்படியோ ஒப்பேற்றி வைத்திருந்தோம்.

அவர் பிறந்தநாளன்று திருப்பாலைவனம் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ரசிகர்கள் வந்தார்கள். ஆளுயர மாலை, கேக், மேளம். உள்ளே நுழைந்தவர்கள் சிலையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து, "தலைவர் எங்க?" என்று என்னைக் கேட்டார்கள். காட்டினேன். மேளம் நின்றது. அப்புறம் ஆரம்பித்தார்கள். என் குடும்பம், என் ஊர், நான் சாப்பிடும் சோறு, எதையும் விடவில்லை. செய்தவன் எந்த ஊரில் இருக்கிறானோ! வாங்கியவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அகப்பட்டவள் நான். மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும்போது அவர்களில் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "யம்மா, உன்னிய இந்த மாதிரி ஒருத்தன் செஞ்சி நடுரோட்டுல நிக்க வெச்சா அப்பத் தெரியும் உனுக்கு."

பலகைதான் முக்கியம்

பள்ளி விடுமுறை வந்தது. பிள்ளைகளுக்குப் பிடிக்கிற மாதிரி விஞ்ஞானி ஒருவர் வேண்டும் என்றார் முதலாளி. புதிதாகச் செய்ய மனசில்லை. கூட்டம் சேராத ஒரு பழைய அரசியல் தலைவரைப் பிடித்து, மீசையை வழித்து, வெள்ளைக் கோட்டு மாட்டி, கையில் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொடுத்துவிட்டார். சூசை அண்ணன் தலையில் அடித்துக்கொண்டே நரை முடி வைத்தார்.

எளாவூரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்த டீச்சர் ஒருத்தி நேராக என்னிடம் வந்து, "இவர் எங்க அப்பா ஓட்டுப் போட்ட ஆளு, எங்க வீட்டுச் சுவத்துல போட்டோ கீது. பசங்களுக்கு ஏன் பொய் சொல்றீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினாள். கேட்டது நியாயம்தான். அந்த நியாயத்தை நான் அப்படியே முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "மூஞ்சி எவனுதா வேணா இருக்கட்டும் தேவகி, போர்டுல எழுத்துப் பிழை இல்லாம பாத்துக்கோ."

கஸ்டமர்கிட்ட வம்பு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மற்ற சிலைகளுக்குக் கன்னத்தில் விரிசல் விழும், விரல் உடையும். நடிகை சிலைக்கு மட்டும் வாராவாரம் ரவிக்கை கிழியும். ஏன் என்று உங்களுக்கே புரியும். ஒரு நாள் நாலு பேர், மீசை நரைத்தவர்கள், ஆளுக்கு ஒரு பக்கம் கைபோட்டுக்கொண்டு வீடியோ எடுத்தார்கள். கை எங்கெங்கே போயிற்று என்று நான் சொல்லப்போவதில்லை. பக்கத்தில் அவர்கள் வீட்டுப் பெண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் நாலு பேரையும் வாசல் வரைக்கும் விரட்டினேன். சாலையில் நின்று அவர்கள் ரகளை பண்ண, முதலாளி ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டு மறுபடி உள்ளே கூட்டிப்போனார். கூட்டிப்போகிற வழியில் என்னைப் பார்த்து, "பொம்மைக்கு இன்னா மானமா போயிடப் போவுது? கஸ்டமர்கிட்ட வம்பு வளக்காத" என்றார்.

பூங்காவனத்துக்கு மாவு பூசியது

உள்ளூர் ஆள் ஒன்று இருந்தால் மண்டபத்துக்கு மதிப்பு என்று யாரோ முதலாளிக்கு ஓதிவிட்டார்கள். மீன் விற்கும் பெண் ஒருத்தியைச் செய்வது என்று முடிவாயிற்று. சென்னையிலிருந்து ஒரு சிற்பி வந்தார். நல்ல வேலைக்காரர். மீன் இறங்கும் இடத்துக்குப் போய் ஒரு காலை முழுக்க நின்று பார்த்துவிட்டு, எங்கள் குப்பத்துப் பூங்காவனத்தைக் காட்டி, "இவங்கதான்" என்றார்.

பூங்காவனம் எனக்கு அக்கா முறை. புருஷன் கடலில் போய்ச் சேர்ந்த பிறகு கூடை தூக்கி இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். அவள் "வஞ்சிரம்" என்று ஒரு குரல் கொடுத்தால் எதிர்க்கரையில் திரும்பிப் பார்ப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் பார்க்கிற கண்காட்சி என்று சொல்லித்தான் கேட்டோம். சரி என்று உட்கார்ந்தாள். மூக்கில் குழாய் வைத்து, அச்சு எடுக்க முகம் முழுக்க மாவு பூசினபோது அசையாமல் இருந்தாள். மாவைப் பிரித்தெடுத்ததும் சிற்பியின் மூன்று தலைமுறையையும் திட்டினாள்.

சிலை வந்தது. முகவாயில் பழைய வெட்டுத் தழும்பு, மூக்குத்தி இல்லாத மூக்கு ஓட்டை, வெயிலுக்குச் சுருக்கிச் சுருக்கியே சின்னதாகிப்போன இடது கண். அவளேதான். சென்னைக்காரர்கள் யாரும் அதனோடு செல்ஃபி எடுக்கவில்லை. அவர்களுக்கு அவள் யாரோ. ஆனால் குப்பமே திரண்டுவந்து பார்த்தது. அவள் பேரன் சிலையின் புடவையைப் பிடித்து இழுத்து, "ஆயா, தூக்கு" என்றான். பூங்காவனம் கூடையை இறக்கிவைத்துவிட்டு, அதன் எதிரில் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என் காதருகில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "இன்னாமே, எனுக்கு இவ்ளோ வயசாயிடிச்சா?"

அது வேற, நீ வேற

ஒரு திங்கட்கிழமை மண்டபத்தைத் திறந்தால் பூங்காவனம் நின்ற இடம் காலி. முதலாளியைக் கேட்டேன். கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் ரிசார்ட்டுக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார். அவளைக் கேட்டீர்களா என்றேன். பொம்மை என்னுடையது, அவளை எதற்குக் கேட்பது என்றார். சூசை அண்ணன் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் துடைக்கப் போய்விட்டேன். மாசக் கடைசி, சம்பளம் இன்னும் கைக்கு வரவில்லை.

பூங்காவனம் தினமும் கூடையோடு நடக்கிற வழியும் அதே சாலைதான். ரிசார்ட் கேட்டில் நிழல் கூரை போட்டு, அதன் கீழே அவளை நிறுத்தியிருந்தார்கள். பட்டுப்புடவை, மல்லிகைப் பூ, இடுப்பில் காலிக் கூடை. கைகளை மாற்றிக் கும்பிட வைத்திருந்தார்கள். உதட்டைப் பிளந்து வெள்ளைப் பல் வேறு வைத்துச் சிரிக்க விட்டிருந்தார்கள். பூங்காவனம் அப்படியே நின்றுவிட்டாள். கூடையை இறக்கப்போனபோது காவலாளி பிரம்போடு ஓடிவந்தான். உள்ளே இருக்கிறவர்களுக்கு மீன் நாற்றம் ஆகாதாம், கேட் பக்கம் கூடைக்காரிகள் யாரும் நிற்கக் கூடாதாம். அவள் சிலையைக் காட்டி, "அது யாருன்னு பாரு, நான்தான்டா அது" என்றாள். அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்ன பதிலை, அன்று மத்தியானம் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டே அவள் திரும்பச் சொன்னாள்: "அது வேற, நீ வேற. அது நாறாது."

ஜாடை இல்லையாம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பத்துப் பெண்கள் எல்லோரும் கூடைகளோடு போய் ரிசார்ட் கேட்டை மறித்து உட்கார்ந்தோம். எல்லாக் கூடையிலும் மீன் இருந்தது. நான் மண்டபத்துக்குப் போகவில்லை. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஹாரன் அடித்தன. மேனேஜர் வந்தார், இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். இது குறிப்பாக யாருடைய சிலையும் இல்லை, பொதுவாக இந்தப் பகுதிப் பெண் என்றார். அதற்குள் எங்கள் முதலாளியைப் போன் போட்டு வரவழைத்திருந்தார்கள். அவர் பூங்காவனத்தின் முகத்தைப் பார்க்காமலே, "ஒரு ஜாடையும் இல்லீங்க" என்றார்.

ஹீரோவைப் போல இல்லாததை ஹீரோ என்றவர். தலைவரை விஞ்ஞானி என்றவர். அதையெல்லாம் பொறுத்தேன். இதைப் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, "மாவு பூசறப்ப அவ கையப் புடிச்சிக்கினு நின்னவ நானு. இது அவதான். இவரு சொல்றது பொய்" என்று கத்தினேன். முதலாளி அங்கேயே, அந்த வெயிலிலேயே, நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்றார். வரவில்லை என்றேன். ஆனால் உட்காரவில்லை. பூங்காவனம் போய்ச் சிலையின் பக்கத்தில் நின்றாள். காரிலிருந்து இறங்கிவந்த ஒரு அம்மா கூலிங் கிளாஸைக் கழற்றி இரண்டு முகத்தையும் பார்த்தார், "ஐயோ, இவங்களேதான்" என்றார். நாலைந்து போன்கள் படம் எடுக்க ஆரம்பித்தன.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். வேண்டுமானால் பூங்காவனத்துக்கே ஒரு வேலை தரலாம், தினமும் குளித்துப் பட்டுப்புடவை கட்டி இதே இடத்தில் நின்று வணக்கம் சொன்னால் போதும், கூடை மட்டும் வேண்டாம் என்றார். பூங்காவனம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நான் தெனம் குளிச்சிட்டுத்தான் நைனா வரேன்" என்றாள்.

மூக்கு

சிலையை எடுத்துவிடுகிறோம் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொல்லித்தான் எங்களை எழுப்பினார்கள். எடுத்தார்கள். ஒரு வாரத்தில் மறுபடி வைத்தார்கள். மூக்கை மெலிதாகச் சீவி, தழும்பை நிரவி, கன்னத்துக்கு ரோஸ் பூசி, இரண்டு கண்ணையும் ஒரே அளவாக ஆக்கியிருந்தார்கள். அந்த வேலைக்கு முதலில் சூசை அண்ணனைத்தான் கூப்பிட்டார்களாம். "அந்த மூஞ்சிய நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். வேறு யாரோ செய்திருக்கிறார்கள். இப்போது அது யாரைப் போலவும் இல்லை, யாரும் வழக்குப் போட முடியாது. கூடைக்காரிகள் நிற்கக் கூடாது என்கிற சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் இப்போது நண்டு ஏற்றுமதிக் கொட்டகையில் தரம் பிரிக்கிறேன். பூங்காவனம் ரிசார்ட் கேட்டுக்கு நேர் எதிரில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் புறம்போக்கில் கூடையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் குரலுக்கு அந்தக் கேட்டும் சுவரும் ஒரு தடையா? ரிசார்ட்டுக்கு வருகிற கார்களில் பாதி அவளிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகின்றன. போன வாரம் நான் அந்தப் பக்கம் போனபோது, எதிரே நின்ற புது மூஞ்சியைக் காட்டி, உனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். கெளுத்தியின் முள்ளை ஒரே வெட்டில் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "வராம? தெனம் வருது. ஆனா மூக்கு அறுபட்டது எனுக்கா இந்த ரிசார்ட்டுக்காரனுக்கா, நீயே பாத்துச் சொல்லு."

மொத்தத்தில், மனிதரைப் போலவே மெழுகில் செய்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை, அந்த மனிதர் கூடையோடு நேரில் வந்து நிற்பதுதான் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது.